பஸ்ஸில் போட்ட கணக்கு

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சாயங்காலத்தில்தான் மிக நன்றாகக் கணக்குப் போடுகிறார்கள் என்று அந்தக் கணக்கு ஆப்பைச் செய்த கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. அதற்கு ஒரு படம் வரைந்து, கோடு ஏறி உச்சிக்குப் போகிற இடத்தில் ஒரு நட்சத்திரமும் வைத்து, ஆசிரியர்கள் எல்லாருக்கும் அனுப்பினார்கள். பிள்ளைகளைப் படிக்கக் கூப்பிடும் மணிச் சத்தத்தையும் அந்த நேரத்துக்கே மாற்றி வைத்தார்கள்.

சாயங்காலத்தில் எங்கள் பிள்ளைகள் ஆட்டைப் பத்திக்கொண்டு வருவார்கள். குழாயடியில் குடத்தோடு நிற்பார்கள். மிளகாய்க் காலமென்றால் களத்தில் காய்ந்த வற்றலை அள்ளிக்கொண்டிருப்பார்கள். கணக்குப் போட்டது அவர்கள் இல்லை. முதுகுளத்தூரிலிருந்து பரமக்குடி போகிற சாயங்கால பஸ். அந்த பஸ்ஸில் வீடு திரும்புகிற சார்களும் டீச்சர்களும். நானும் அதே பஸ்ஸில்தான் போகிறேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

முதுகுளத்தூரை ஒட்டிய ஒரு கிராமத்தில், எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பிறந்ததும் அந்த மாதிரி ஒரு கிராமத்தில்தான், வானம் பார்த்த நிலத்தில் மிளகாயும் சோளமும் போடுகிற வீட்டில். கல்யாணத்துக்குப் பிறகு பரமக்குடிக்கு வந்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். ஹெச்.எம். என்னிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் டீ வாங்கிக் கொடுப்பார்.

அந்த ஆப் வந்த புதிதில் எனக்கு அதன் மேல் கோபமே இல்லை. உண்மையைச் சொன்னால், பெரிய ஆசை. ஒரு அறக்கட்டளை எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு அதைக் கொண்டுவந்தது. பள்ளிக்குச் சில டேப்லெட்டுகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண், ஒரு பாஸ்வேர்டு. பிள்ளை தவறாகப் போட்டால் அது திட்டாது, அலுக்காது, இன்னொரு கணக்கைக் கொடுக்கும். நாற்பது பிள்ளைகளிடம் நான் ஒருத்தி கத்திக்கொண்டிருந்த இடத்தில் இப்படி ஒன்று வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது.

அதோடு 'பயனர் குழு' என்று ஒன்றும் வந்தது. ஆப்புக்குள்ளேயே அதற்கு ஒரு பக்கம். எது சரியில்லை, எது வேண்டும் என்று ஆசிரியர்கள் அதில் எழுதலாம். மற்றவர்களுக்கும் அது வேண்டுமென்றால் ஓட்டுப் போடலாம். அதிக ஓட்டு விழுந்ததைக் கம்பெனி செய்துகொடுக்கும். குழுவைக் கவனிப்பதற்கென்றே கம்பெனியில் ஒரு பெண் இருந்தாள். குரல் அவ்வளவு இதமாக இருக்கும். மாதம் ஒரு முறை எல்லாரையும் ஆன்லைனில் கூப்பிட்டு, "இது எங்க ஆப் இல்ல, உங்க ஆப்" என்பாள்.

அப்படித்தான் நானும் நம்பினேன். நம்புகிற மாதிரியும் நடந்தது. ஆரம்பத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது குடும்பப் பெயர் கேட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அப்பா பேரின் முதல் எழுத்துத்தான் உண்டு, குடும்பப் பெயருக்கு எங்கே போவது. அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. என் வகுப்பு முழுவதற்கும் 'இல்லை' என்று அடித்துவிட்டேன். மறுநாள் டேப்லெட்டைத் திறந்தால் ஒவ்வொரு பிள்ளையையும் 'வணக்கம், இல்லை' என்று கூப்பிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் குழுவில் எழுதினேன், எங்கெங்கோ இருந்து ஓட்டு விழுந்தது, அடுத்த மாதம் அந்தக் கட்டம் போய்விட்டது.

பிறகு சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்ய வேண்டும் என்று கேட்டோம். எங்கள் பள்ளியில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அதையும் செய்தார்கள். மெட்ரோ ரயிலையும் லிஃப்டையும் வைத்துப் போட்டிருந்த கணக்குகளுக்குப் பதிலாக வற்றல் மூட்டையும் ஆட்டுக் குட்டியும் வைத்து நாங்களே எழுதி அனுப்பினோம். என் கணக்கு ஒன்று திரையில் வந்த அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். நாலு ஊர் ஆசிரியர்கள் சேர்ந்து கேட்டால் எங்கேயோ இருக்கிற கம்பெனி காது கொடுக்கும் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கெட்டது பச்சையும் சிவப்பும் வந்த பிறகு. எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் கணக்கை முடித்தார்கள் என்று பார்த்து, வகுப்புக்கு ஒரு நிறம் கொடுக்க ஆரம்பித்தது ஆப். முடித்தால் பச்சை, முடிக்காவிட்டால் சிவப்பு. அந்த நிறம் மேலே, கல்வி ஆபீஸுக்குப் போனது. மாதக் கூட்டத்தில் சிவப்புப் பள்ளிகளை எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார்கள். வயதில் பெரிய ஹெச்.எம்.கள் பெஞ்சில் ஏறாத குறை.

பிள்ளைகள் முடிக்க வழியில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டேப்லெட் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம். அதில் ஒன்று சார்ஜ் ஏறாது. மிளகாய் பறிப்பு வந்துவிட்டால் பாதி வகுப்பு காட்டில் இருக்கும். இதைத்தான் குழுவில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எங்கள் ஆட்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளின் எண்ணும் பாஸ்வேர்டும் ஆசிரியரிடம் இருந்தன. ஆசிரியரின் போனிலேயே பிள்ளை பேரில் உள்ளே போகலாம். சாயங்காலம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் ஆரம்பித்தார், அடுத்த வாரம் பஸ்ஸே ஆரம்பித்துவிட்டது.

அதைப் பார்த்தால்தான் தெரியும். ஜன்னல் ஓரம், கம்பி ஓரம், படிக்குப் பக்கத்தில், எல்லாக் கையிலும் போன். "ஏழாவது கேள்விக்கு என்ன சார்?" "பி போடுங்க டீச்சர்." "எட்டாவது?" "அதுவும் பி தான்." கணக்கைப் படிப்பது கூடக் கிடையாது. ஒரு ஆள் கண்டுபிடித்துச் சொன்னால் பஸ் முழுக்க அதைத் தட்டும். ஒரு பிள்ளை முடிந்ததும் அடுத்த பிள்ளை. கண்டக்டர் ஒருநாள், "என்ன சார், எல்லாரும் சேந்து சீட்டு வெளையாடுறியளா?" என்று கேட்டார்.

நான் தட்டவில்லை. பெரிய நேர்மைக்காரி என்று சொல்லிக்கொள்ள வரவில்லை, எனக்கு வீம்பு அதிகம், அவ்வளவுதான். என் பிள்ளை போட வேண்டிய கணக்கை நான் போட்டுவிட்டு, என் பிள்ளை போட்டதாக எனக்கே காட்டிக்கொள்ள என்னால் முடியாது. என் வகுப்பு எப்போதும் சிவப்பாகவே கிடந்தது. பஸ்ஸில் எனக்குச் சிவப்பு டீச்சர் என்று பேர் வந்தது. கிண்டல் செய்தார்கள், நானும் பதிலுக்குக் கிண்டல் செய்தேன், ஊர் வந்ததும் இறங்கினோம்.

என் வகுப்பில் எட்டாவது படித்த ஒரு பெண் பிள்ளை. அம்மா அடுத்தவர் காட்டில் மிளகாய் பறிக்கப் போவாள். அது இல்லாத மாதங்களில் குடும்பமே சாயல்குடிப் பக்கம் கரிமூட்டத்துக்குப் போகும். சீமைக் கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, புகைய விட்டுக் கரியாக்குகிற வேலை. ஒரு இடத்தில் மரம் தீர்ந்தால் அடுத்த இடம். இந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்காகச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள்.

அவள் கணக்குப் போடுவதைப் பார்ப்பதற்கு எனக்குப் பிடிக்கும். மெதுவாகப் போடுவாள். கேள்வியை இரண்டு தரம் படிப்பாள். பிறகு "இதுக்குள்ளதான் வரும்" என்று தனக்குள்ளேயே ஒரு எண்ணைச் சொல்லிக்கொள்வாள். விரலால் தொடையில் எழுதிப் போட்டுப் பார்ப்பாள். விடை வந்த பிறகும் தொட மாட்டாள். அந்த விடையை வைத்துக் கேள்விக்குத் திரும்பிப் போவாள், பொருந்துகிறதா என்று பார்ப்பாள். அதன் பிறகுதான் திரையைத் தொடுவாள். தொட்டால் சரியாக இருக்கும். இருபது வருஷமாக நான் பிள்ளைகளிடம் தொண்டை கிழியச் சொல்லி வந்தது இதைத்தான். இவளுக்கு யாரும் சொல்லாமலே வந்திருந்தது.

அந்த வருஷம் அறக்கட்டளை ஒரு செய்தி சொன்னது. ராமநாதபுரத்தில் அவர்கள் நடத்துகிற விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை இலவசமாகப் படிக்க வைப்பார்கள், எங்கள் வட்டாரத்திலிருந்து கொஞ்சம் பிள்ளைகளை எடுப்பார்கள், ஆப்பில் ஒரு பரீட்சை நடக்கும், அதுதான் தேர்வு. எங்கள் பள்ளி எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதுக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். நான் அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"சீட்டுக் கெடச்சா விட்டுர்றேன் டீச்சர்" என்றாள் அவள். "அங்கன சோறும் படுக்கையும் இருக்குன்னு சொல்றீய. இல்லைன்னா எங்ககூடக் கூட்டிட்டுப் போயிருவேன். வயசுக்கு வந்த பிள்ள, இனிமேயும் அடுத்த வீட்டுல எப்பிடி விட? தெனம் பஸ்ஸுல போயிட்டு வர்றத ஆரு பாக்குறது?"

"கெடைக்கும்மா" என்றேன். அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்.

பரீட்சைக்கு முந்தின மாதம் ஆப்பின் புதிய பதிப்பு வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் மேலே ஒரு பச்சைப் பட்டை. கேள்வி வந்ததும் அது குறைய ஆரம்பிக்கும். தீர்ந்துவிட்டால் திரை சாம்பலாகி அடுத்த கேள்வி வந்துவிடும். மாதிரிப் பரீட்சைக்கு என் பிள்ளையை உட்கார வைத்தேன். முதல் கேள்வியைப் படித்தாள். இரண்டாம் தரம் படித்தாள். தொடையில் எழுதினாள். திரை சாம்பலானது. அடுத்ததிலும் அதே. மூன்றாவதில் விடை வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது, உதடு அசைந்தது. பொருந்துகிறதா என்று பார்க்கப் போனாள். சாம்பல்.

அவள் டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்தாள், கெட்டுப்போய்விட்டதோ என்று. பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், சரி பாக்காம போடணுமா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்வேன். ஆமாம் என்றா?

குழுவில் எழுதினேன். நேரப் பட்டையை எடுங்கள், யோசித்துப் போடுகிற பிள்ளைக்கு இது அநியாயம் என்று எழுதினேன். கம்பெனிப் பெண் உடனே பதில் போட்டாள். இந்த நேரத்தைத் தாங்கள் சும்மா வைக்கவில்லையாம். எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் இத்தனை மாதமாக ஒவ்வொரு கணக்கையும் எவ்வளவு நேரத்தில் முடித்தார்கள் என்று பார்த்து, அதைப் போலச் சில மடங்கு தாராளமாகக் கொடுத்திருக்கிறார்களாம். 'உங்கள் குழந்தைகள் மிக வேகமானவர்கள். இந்த மாற்றமே உங்கள் பயன்பாட்டிலிருந்து பிறந்ததுதான்' என்று எழுதி, கீழே ஒரு சிரித்த முகம்.

படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பஸ். ஏழாவதுக்கு பி, எட்டாவதுக்கும் பி. அந்த வேகத்தைத்தான் பிள்ளைகளின் வேகம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்வியைப் படிக்காமலே தட்டிய விரல்களை வைத்து, கேள்வியை இரண்டு தரம் படிக்கிற பிள்ளைக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். பயனர்கள்தான் ஆப்பைச் செதுக்குகிறார்கள் என்று அந்தப் பெண் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னாளே, அது இதுதான். நாங்கள் எழுதிக் கேட்டது மட்டும் அதற்குள் போகவில்லை. நாங்கள் செய்ததும் போயிருக்கிறது.

என் கோரிக்கைக்கு ஓட்டே விழவில்லை. குடும்பப் பெயருக்கு அவ்வளவு ஓட்டுப் போட்டவர்கள் இதைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்பதும் புரிந்தது. இந்த நேரம் தவறு என்று சொன்னால், அப்படியானால் அந்தக் கணக்குகளைப் போட்டது யார் என்ற கேள்வி வரும்.

அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸில் நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். எல்லாரும் வழக்கம்போலத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் போன கீழ வைங்க" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், டிரைவரே கண்ணாடியில் பார்த்தார்.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். "யாரும் பேரு போட வேணாம். எல்லாரும் சேந்து அந்தக் கோரிக்கைக்கு ஓட்டு மட்டும் போடுங்க. நம்ம போட்ட வேகம் பிள்ளைக வேகம் இல்லைன்னு ஒரு வரி எழுதுவோம். பட்டைய எடுத்துருவாங்க" என்றேன்.

 பின் சீட்டிலிருந்து ஒரு சார், ஓய்வு பெறப் போகிறவர், நல்ல மனுஷர்தான், மெதுவாகச் சொன்னார். "டீச்சர், அந்த ஒரு வரிய எழுதுனா நாளைக்கு மெமோ ஆருக்கு வரும்? ஒங்களுக்கா? ஒங்க வகுப்புதான் சிவப்புல இருக்கே. எங்களுக்குத்தான் வரும். எனக்கு இன்னும் கொஞ்ச மாசம்தான் இருக்கு, பென்சன்ல கை வச்சிருவான்."

முன் சீட்டில் கைக்குழந்தையோடு வருகிற ஒரு டீச்சர் திரும்பினாள். "ஒரு பிள்ளைக்காக பஸ்ஸு முழுக்கத் தலையக் குடுக்கச் சொல்றீங்களா?" என்றாள். "நாங்க என்ன ஆசைப்பட்டா செஞ்சோம்? டேப்லெட்டு இல்ல, சிக்னல் இல்ல, பிள்ள வரல. பச்ச மட்டும் வேணுமாம். எங்க போயி அள்ளிட்டு வார?"

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. "அள்ளிட்டு வந்தீங்கல்ல, எம் பிள்ளைகிட்ட இருந்துதான் அள்ளிட்டு வந்தீங்க" என்று கத்தினேன்.  கண்டக்டர் வந்து, "டீச்சர், வளைவு வருது, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் எல்லாரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஸ்டாப் வருவதற்கு முன்னாலேயே எனக்குப் பின்னால் ஒரு போன் 'டிங்' என்றது. சரியான விடைக்கு அந்த ஆப் எழுப்புகிற சத்தம் அது.

மறுநாள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கம்பெனிப் பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். இனிமேல் எதையும் மறைக்கப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். யார் பேரையும் சொல்லாமல், "அந்தக் கணக்கப் போட்டது பிள்ளைங்க இல்லம்மா. ஒரே நேரத்துல, ஒரே ரோட்டுல, ஓடுற பஸ்ஸுலேந்து போட்டது. நீங்க பாத்தாலே தெரியும்" என்றேன்.

 அதே இதமான குரலில், "தெரியும் மேம்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"போன் நகர்ந்துட்டே இருக்கிறது எங்களுக்குக் காட்டும். முதல் மாசமே பார்த்துட்டோம். நாங்க மேல சொன்னோம். பச்சை வந்தா உங்க ஆபீஸுக்கும் நல்லது, பணம் குடுக்கிறவங்களுக்கும் நல்லதுன்னு விட்டுட்டாங்க."

"தெரிஞ்சுக்கிட்டேதான் அத வச்சு நேரம் போட்டீங்களா?"

"நேரம் போட்ட டீம் வேற மேம். அவங்களுக்கு நம்பர் மட்டும்தான் போகும்."

எனக்கு வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "நீங்க சொல்றது புரியுது மேம், குழுவுல போடுங்க, ஓட்டு விழுந்தா நானே எடுத்துட்டுப் போறேன்" என்றாள். திட்டினாலும் உறைக்காத ஒரு குரலை அவளுக்குச் சம்பளம் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். தொட்டிச் சுவரில் போனை அடித்து உடைக்கலாம் போல இருந்தது. என் போன், நானே வாங்கியது என்பதால் உடைக்கவில்லை.

குழுவில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். கணக்குகளைப் போட்டது பிள்ளைகள் அல்ல, ஆசிரியர்கள், காரணம் இது, இந்த நேரத்தை வைத்துப் பரீட்சை நடத்தாதீர்கள். அதற்குக் கீழே யாரோ ஒருவர் ஒரு தலைமையாசிரியருக்குப் பணி நிறைவு வாழ்த்துப் போட்டார். அந்த வாழ்த்துக்குக் கீழே கைகூப்பலும் ரோஜாப்பூவுமாக வந்து குவிந்தது. ஒவ்வொரு பூவுக்கும் என் பதிவு ஒரு படி மேலே போனது. பிறகு தேடினால்தான் கிடைக்கும் என்கிற இடத்துக்குப் போய்விட்டது. ஹெச்.எம். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

பரீட்சைக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு வேகமாகப் போடச் சொல்லிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். ஒருநாள் முயன்றும் பார்த்தேன். "சரி பாக்காத, தொட்டுரு" என்றேன். அவள் தொட்டாள், தவறாகத் தொட்டாள். மறுபடியும் தவறு. அவள் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திவிட்டேன். நன்றாக நடக்கிற பிள்ளையை நொண்டச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

பரீட்சை அன்றைக்கு வேறு பள்ளியிலிருந்து மேற்பார்வைக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் வாசலில் நின்றேன். பிறகு ஆப்பில் பார்த்தால், அவள் தொட்ட விடைகள் எல்லாமே சரி. தொட்டவை கொஞ்சம்தான். மீதியைத் திரை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. வெளியே வந்து, "நெறைய தெரிஞ்சது டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். தேர்வானவர்கள் பெயர் வந்தபோது அதில் அவள் இல்லை. கேள்வியைப் படிக்காமலே கண்டபடி தட்டுகிற ஒரு பையன் என் வகுப்பிலேயே இருந்தான், அவன் பெயர் இருந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் போய்ப் படிக்கட்டும்.

அவளுடைய அம்மா வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வாரோம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாயல்குடிக்குப் போனாள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வந்தது. அதுவும் அதே ஆப்பில். பாடத்தைப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு தேர்வு எழுத வேண்டும், தேறினால்தான் சான்றிதழ், சான்றிதழ் இல்லாவிட்டால் கேள்வி கேட்பார்கள். தேர்வில் அதே பச்சைப் பட்டை.

சாயங்கால பஸ்ஸில் எல்லாரும் திறந்தார்கள். இந்த முறை ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கேள்வி, பி போடுங்க என்று சொல்ல ஆள் இல்லை. பஸ் குலுங்கக் குலுங்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு படித்தார்கள். பாதி படிப்பதற்குள் திரை சாம்பலானது. "என்னங்க இது, வாசிக்கவே விட மாட்டேங்குது" என்றாள் கைக்குழந்தை டீச்சர். "மனுசனுக்கு யோசிக்க நேரம் வேணாமா?" என்றார் பின் சீட்டு சார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்திருந்தால் பஸ் தாங்கியிருக்காது.

அன்று ராத்திரிக்குள் யாரோ என் பழைய கோரிக்கையைத் தேடி எடுத்துவிட்டார்கள். நேரப் பட்டையை எடுங்கள் என்ற அந்த முதல் கோரிக்கையை. அதற்கு ஓட்டு மழையாகக் கொட்டியது. எங்கள் பஸ் மட்டும் இல்லை, மாவட்டமே போட்டது. அடுத்த வாரமே பட்டை போய்விட்டது. ஆசிரியர்களுக்கு மட்டும் இல்லை, பிள்ளைகளுக்கும் சேர்த்து. 'எங்கள் விழிப்பான ஆசிரியப் பயனர்களின் ஒருமித்த குரலுக்கு நன்றி' என்று ஆப் திறக்கும்போதெல்லாம் திரையில் வந்தது. கோரிக்கையை முதலில் எழுதியவள் என்று என் பேருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார்கள்.

மாதக் கூட்டத்தில் அந்தப் பெண் என்னைப் பேசச் சொன்னாள். "மேம், உங்களால்தான் இது நடந்தது. வேற ஏதாவது மாற்றம் வேணுமா?" என்றாள்.

"ஒரு பிள்ளைக்கு மட்டும் அந்தப் பரீட்சைய மறுபடி வைங்க" என்றேன். "பட்டை இல்லாம. அவ்வளவுதான் வேணும்."

கூட்டத்தில் அத்தனை பேர் இருந்தார்கள், ஒரு மைக்கும் திறக்கவில்லை. "நியாயமான விஷயம் மேம்" என்றாள் அவள். "கோரிக்கைப் பக்கத்துல போட்டுருங்க. ஓட்டு விழுந்தா அறக்கட்டளைகிட்ட நான் பேசுறேன்."

போட்டேன். அது அங்கேயே கிடக்கிறது. பட்டையை எடுக்க மாவட்டமே போட்ட ஓட்டு, அந்தப் பட்டையால் அடிபட்ட பிள்ளைக்கு விழவில்லை. அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி எதற்காக அந்தப் பக்கத்தைத் திறக்கப் போகிறார்கள்.

போன வாரம் அந்தப் பிள்ளையின் அம்மா போன் செய்தாள். பரீட்சை மறுபடி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று முன்பே ஒரு முறை சொல்லியிருந்தேன், அதை விசாரித்தாள். பின்னால் மரம் பிளக்கிற சத்தம் கேட்டது.

"இன்னும் இல்லம்மா" என்றேன். "அதுக்கு ஓட்டு விழணும்."

"எத்தன விழணும் டீச்சர்?"

"நெறைய விழணும்."

"நாங்க போடலாமா? நானு, அவுக அய்யா, இங்கன மூட்டத்துல உள்ள எல்லாருமே போடுவாக. எல்லாருக்கும் அந்தப் பிள்ளையத் தெரியும். வாங்குன கூலியக் கணக்குப் பாத்துச் சொல்றதே அவதான்."

அந்தப் பக்கத்தில் ஓட்டுப் போட ஆசிரியர் எண் கேட்கும். அம்மாவுக்கு இடமில்லை. பிள்ளைக்கும் இடமில்லை. பயனர் குழு என்று பேர் வைத்த அன்றைக்கே இது என் கண்ணில் பட்டிருக்கும், ஆனால் அப்போது யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

"இல்லம்மா" என்றேன். "அது டீச்சர்களுக்கு மட்டுந்தான்."

"அப்பிடியா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "அந்த ஆப்பே எம் பிள்ளைக்குன்னுல்ல நெனச்சேன். அப்ப அது ஒங்களுக்குள்ளது. சரி டீச்சர், மூட்டம் பிரிக்கணும், வச்சிர்றேன்."